இராசமலர் கழுவிய கிண்ணங்கள்

உலையின் கதவை நான் திறந்தபோது காலை பத்து மணி இருக்கும். மின்வெட்டு வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று விடிந்தும் விடியாமலும் ஆய்வுகூடத்துக்கு ஓடி வந்திருந்தேன். தலைகூடச் சரியாக வாரவில்லை.

உள்ளே ஒரு வெள்ளைப் பீங்கான் சிமிழ். பெருவிரல் நுனியளவுதான். அதற்குள் முதல் நாள் நான் போட்டு வைத்தது கரிப்பொடி. எங்களை நாலு பேருக்குத் தெரியவைத்த கரி அது. காந்தத்துக்கு இழுபடும் கரி என்று நானும் சிவநேசனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி, வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் அது வெளிவந்து, ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

கரியைக் காற்றுப் படும்படி நல்ல சூட்டில் நேரமெடுத்துச் சுட்டால் அது எரிந்து காற்றோடு போய்விடும். மிச்சமென்று ஒன்றும் இருக்கக் கூடாது. சிமிழ் வெறுமையாக இருந்தால் எங்கள் கட்டுரை தப்பும், அந்தக் கட்டுரையை நம்பி நின்ற சிவநேசனின் கலாநிதிப் பட்டமும் தப்பும். ஏதாவது மிஞ்சி, அந்த மிச்சமும் காந்தத்துக்கு இழுபட்டால், நாங்கள் அவ்வளவு காலமும் அளந்தது கரியை அல்ல, அழுக்கை.

‘வெறுமையா இரு, வெறுமையா இரு’ என்று சொல்லிக்கொண்டுதான் குறட்டால் தூக்கினேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பௌதிகவியல் பேராசிரியை பீங்கான் சிமிழைக் கும்பிட்டாள் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கும்பிட்டேன்தான்.

சிமிழின் அடியில் ஒரு சிவப்பு இருந்தது. குங்குமத்தைச் சுண்டுவிரலால் ஒரு இழுப்பு இழுத்த அளவு. வலிகாமத்துச் செம்மண்ணில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அந்த நிறத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

ஆறவைத்து, காந்தப்புலத்தில் வைத்து அளந்தேன். கரி இருந்தபோது திரையில் என்ன கோடு வந்ததோ, கரி போன பிறகும் அதே கோடு வந்தது. மறுபடியும் அளக்கக் கை நீட்டியபோது மின்சாரம் நின்றது. இருட்டிப்போன திரைக்கு முன்னால் அப்படியே இருந்தேன்.

உரித்த கரி

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படித்து வருபவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு நான் என்ன வேலை பார்த்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பென்சிலுக்குள் இருக்கிறதே, அது காரீயம். எங்கள் நாட்டின் தெற்கே நிலத்துக்கடியிலிருந்து வெட்டி எடுக்கும் காரீயம் தூய்மைக்குப் பேர்போனது. காரீயம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கரித்தாள்கள்தான். அந்த அடுக்கில் ஒரேயொரு தாளைப் பிரித்தெடுத்தால் அதற்குக் கிராபீன் என்று பெயர். ஒரு அணுவின் தடிப்பு.

இலத்திரனுக்கு மின்னேற்றம் உண்டென்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதற்குச் சுழல் என்று இன்னொரு குணமும் உண்டு. ஒவ்வொரு இலத்திரனும் நிமிர்ந்தோ கவிழ்ந்தோ நிற்கும் ஒரு துளிக் காந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான உலோகங்களுக்குள் ஓடும்போது இந்த நிமிர்வும் கவிழ்வும் சட்டென்று குழம்பிவிடும். கிராபீனுக்குள் வெகுதூரம் குழம்பாமல் போகும். அதைக் கொண்டு தகவலைச் சேமிக்கலாம், கணக்குப் போடலாம் என்பதுதான் சுழல் இலத்திரனியல். என் இளமையை முழுக்கத் தின்ற துறை அது.

குளிர்நாட்டு ஆய்வுகூடத்தில் பசைநாடாவை வைத்துக் காரீயத்தை ஒட்டுவதும் உரிப்பதும் நுணுக்குக்காட்டியில் தேடுவதுமாக என் வருடங்கள் போயின. அங்கே முதல் வாரமே காதில் போடும் பாடம் ஒன்று: கரியில் காந்தம் தெரிந்தால், சந்தோசப்படாமல் இரும்புத் தூசியைத் தேடு. என்னோடு வேலை பார்த்த ஒருவன் உருக்குக் குறட்டால் மாதிரியைத் தூக்கிப் பழகி, ஒரு வருட வேலையைக் குப்பையில் கொட்டினான். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன். 

பிறகு ஊருக்குத் திரும்பினேன். ‘ஏன் பிள்ளை திரும்பி வந்தனி?’ என்று கேட்காதவர்கள் இல்லை. கொக்குவிலில் வீடு, பல்கலைக்கழகத்தில் வேலை. ஆய்வுகூடம் என்று தந்தது கதிரைகள் அடுக்கிக்கிடந்த ஒரு களஞ்சிய அறை. கோயில் திருவிழாவில் பாட்டுப் போட்டே கிழிந்துபோன ஒரு ஒலிபெருக்கியை வாங்கி, அதன் நடுவில் ஒரு குச்சியை ஒட்டி, குச்சியின் நுனியில் மாதிரியைக் கட்டினேன். ஒலிபெருக்கி மாதிரியை அதிர வைக்கும். மாதிரிக்குக் காந்தம் இருந்தால் பக்கத்தில் இருக்கும் கம்பிச் சுருளில் சிறு மின்துடிப்புப் பிறக்கும். அதுதான் திரையில் வரும் கோடு. வெளிநாட்டில் பெரும்பணம் கொடுத்து வாங்கும் கருவியின் ஏழைச் சகோதரி.

என்னைவிடக் கெட்டிக்காரர்

சிவநேசனும் நானும் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எனக்கு அடக்கம் இல்லையென்று என்னோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். இறுதிப் பரீட்சையில் அவர் முதலாவது, நான் இரண்டாவது. எனக்கு வந்த புலமைப்பரிசில் கடிதம் அவருக்கும் வந்தது.

அது வந்த நேரம் அவருடைய ஊரான கீரிமலைப் பக்கம் முழுக்க யுத்தத்தால் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. தாய், தகப்பன், இரண்டு தங்கைகள், ஒரு சைக்கிள். கடிதம் எந்த மூட்டைக்குள் போனதென்று அவருக்கே தெரியாது. நான் விமானம் ஏறினேன். அவர் நெல்லியடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கப் போனார்.

இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி விடுபட்டதும் ஊருக்குத் திரும்பினார். வீடு இருந்த இடத்தில் கற்குவியலும் உடைந்த ஓடுகளும் பற்றையும்தான் கிடந்தன. பக்கத்தில் இரண்டு அறை கட்டிக்கொண்டு அவரும் மனைவி இராசமலரும் குடியேறினார்கள். பிள்ளைகள் இல்லை. அங்கிருந்து நெல்லியடிக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வந்தார்.

ஒருநாள் பள்ளிக்கூட உடுப்போடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

“வசந்தி, ஒரு விசயம் கேப்பன். சிரிக்கக் கூடாது.”

“கேளும்.”

“உம்மட்டைப் பதிஞ்சு கலாநிதிப் பட்டம் செய்யலாமோ?”

எனக்கு உள்ளூரச் சந்தோசம். அதை மறைக்க, “உமக்கென்ன விசரோ?” என்று ஏசினேன்.

“விசர்தான். அறுபதிலை பென்சன். அதுக்குள்ளை முடிச்சுப்போட வேணும். ஒரு பேப்பர், ஒரு ஆய்வேடு. அதுக்குப் பிறகு செத்தாலும் பரவாயில்லை.”

“செத்தால் ஆர் வந்து பட்டம் வாங்கிறது? போய் விண்ணப்பத்தை நிரப்பும்.”

அவருக்குக் கிடைத்தது நான்கு வருடம். அதற்குமேல் நீட்டிக்க இடமில்லை என்று பதிவுக் கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

கிணற்றடி

இராசமலருக்குச் சிறுநீரக வருத்தம். கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மனைவியைத் தனியே விட்டுவிட்டுச் சிவநேசன் ஆய்வுகூடத்தில் வந்து இருக்க முடியாது. ஆகவே ஆய்வுகூடத்தில் பாதியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

காரீயத் தூளைத் தண்ணீரில் போட்டு, பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, சமையலறை பிளெண்டரில் அடித்தால் கரித்தாள்கள் பிரியும். கேலி செய்யவில்லை, பெரிய பெரிய ஆய்வுகூடங்களிலும் இதைச் செய்கிறார்கள். அடித்ததைக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி, நாட்கணக்காக அசைக்காமல் விட்டால் தடித்தது அடியில் படியும். மேலே நிற்கும் தண்ணீரில்தான் மெல்லிய தாள்கள். அதை வேறு கிண்ணத்துக்கு மாற்றி உலர்த்தினால் கறுப்புப் பொடி கிடைக்கும். இதற்கு வேண்டியது பொறுமையும் சந்தடியில்லாத ஒரு வீடும். இரண்டும் அங்கே இருந்தன.

ஒரு சனிக்கிழமை காலை அங்கே போனேன். இராசமலர் கிணற்றடியில் ஒரு சின்னப் பலகையில் குந்தியிருந்தா. ஒரு கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்திருந்தது. பக்கத்தில் வெள்ளைத் துணியில் எங்கள் கிண்ணங்கள் கவிழ்த்து வைத்திருந்தன.

“வாங்கோ மிஸ். இஞ்சை பாருங்கோ, முகம் தெரியும்.”

ஒன்றைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்துக் காட்டினா. பளபளவென்று இருந்தது.

“உந்த வருத்தத்தோடை உதெல்லாம் ஏன் செய்யிறீங்கள்? அவர் கழுவ மாட்டாரோ?”

“அவர் கழுவினால் பிசுக்குப் போகாது மிஸ். அவர் படிச்ச ஆள்.” சொல்லிவிட்டுத் தானே சிரித்தா. “இதை மற்ற ஏனங்களோடை கலக்கிறேல்லை. சாமி அறைச் சாமானோடைதான் வைச்சிருக்கிறன். அவற்றை படிப்பெல்லோ.”

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒருவரும் இப்படிக் கழுவுவதில்லை என்று பாராட்டினேன். தேத்தண்ணி குடித்தேன். எதைக் கொண்டு கழுவுகிறீர்கள் என்று கேட்கவில்லை.

வளையம்

காரீயம் காந்தத்துக்கு இழுபடாது. உண்மையில் அது காந்தத்திலிருந்து மெல்ல விலகும். சிவநேசனின் வீட்டில் உரித்த பொடியை ஒலிபெருக்கிக் குச்சியில் கட்டி அளந்த அன்று கோடு எதிர்த் திசையில் போனது. போய், திரும்பி வரும்போது வேறு வழியால் வந்தது. காந்தப் பொருள் மட்டும் போடும் வளையம் அது.

“வசந்தி, உதென்ன வளையம்?”

“தொடாதையும். ஒண்டையும் தொடாதையும்.”

இருவரும் மூச்சுவிடப் பயந்துகொண்டு நின்றோம். கிராபீனுக்குத் தன்னளவில் காந்தம் இருக்குமானால் சுழல் இலத்திரனியலில் எத்தனையோ கதவுகள் திறக்கும். எத்தனையோ பேர் இருக்கிறதென்று சொல்லி மூக்குடைபட்ட விசயமும் அதுவே. எனக்கு எல்லாம் தெரியும். ஆகவே சோதித்தோம். உரிக்காத காரீயத் தூளை அளந்தோம், வளையம் இல்லை. பிளெண்டரின் உருக்கு அலகிலிருந்து இரும்பு வந்திருக்குமோ என்று சஞ்சிகையின் மதிப்பீட்டாளர் கேட்டார். சிவநேசன் பிளெண்டரை ஒதுக்கிவிட்டு, மர அகப்பைக் காம்பால் ஒரு கிழமை கையாலேயே கலக்கினார். வளையம் அப்படியே இருந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்தோம்.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. கரி போடாத வெறுந் தண்ணீரை அவர் வீட்டுக் கிண்ணத்தில் காயவிட்டு, கிண்ணத்தைச் சுரண்டி அளந்து பார்த்திருக்க வேண்டும். முதலாம் வருட மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் வேலை. அந்தக் கிழமை இராசமலர் ஆஸ்பத்திரியில் கிடந்தா, சிவநேசனுக்கு மேலும் வேலை வைக்க மனம் வரவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு அந்த வளையம் வேண்டியிருந்தது. களஞ்சிய அறையில் கிழிந்த ஒலிபெருக்கியோடு கிடந்தவளை உலகம் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டுமென்று ஆசையாக இருந்தது.

கட்டுரை முடிந்ததும் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் சிவநேசன் ஒரு வரி சேர்த்திருந்தார். கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவித் தந்ததற்காகத் திருமதி இராசமலர் சிவநேசனுக்கு நன்றி.

“உதெல்லாம் போடுறேல்லை, சிவநேசன்.”

“ஏன் போடுறேல்லை? உம்மடை கம்பிச் சுருளைச் சுத்தினவனுக்குப் போட்டிருக்கு.”

விட்டுவிட்டேன். அச்சில் வந்த பக்கத்தை அவர் கொண்டுபோய்க் காட்டியபோது நானும் இருந்தேன். இராசமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. “இங்கிலீசிலை எழுதினால் என்ரை பேர் இவ்வளவு நீளமோ?” என்றா.

மூன்று மாதம் இருந்தா. பிறகு இல்லை.

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, இறந்தவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். கல்வெட்டு என்போம். கீரிமலைக் கடலில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த அன்று சிவநேசன் என் கையிலும் ஒன்றைத் தந்தார். படம், தேவாரம், வம்சாவழி, பிறகு எங்கள் கட்டுரையின் கடைசிப் பக்கம். அந்த ஒரு வரிக்குக் கீழே கோடிட்டிருந்தார். அந்தப் புத்தகம் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போயிருக்கிறது.

ஒரு மரியாதையான கேள்வி

ஒரு வருடம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கோ ஒரு நாட்டில் எங்களைப்போலவே கரியோடு மல்லுக்கட்டும் ஒருவர். அதே காரீயத்தை வரவழைத்து, அதே முறையில் உரித்து, மூன்று தடவை அளந்தாராம். வளையம் வரவில்லை. மிக மரியாதையாக எழுதியிருந்தார். கடைசி வரி இது: உங்கள் நன்றியுரையில் ஒரு அம்மையார் கிண்ணங்களைக் கழுவியதாக இருக்கிறது, அவர் எதைக் கொண்டு கழுவினார் என்று அறியலாமா?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த மனுசியைப் பற்றி உனக்கென்ன கேள்வி என்று திரையைப் பார்த்து ஏசினேன். ஏசி முடிந்ததும் நாட்காட்டியைப் பார்த்தேன். சிவநேசனின் ஆய்வேடு தட்டச்சு முடிந்து பிழைதிருத்தத்தில் இருந்தது. ஒப்படைக்க இன்னும் ஏழு கிழமை. அவரிடம் ஒன்றும் சொல்லாமல், மிச்சமிருந்த பொடியில் கொஞ்சத்தைச் சிமிழில் போட்டு உலையில் வைத்தேன்.

அடுத்த நாள் காலை என்ன பார்த்தேன் என்பதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

பால்மாத் தகரம்

அன்று பின்னேரமே கீரிமலைக்குப் போனேன். சிமிழ் கைப்பைக்குள் பஞ்சில் சுற்றி இருந்தது. சிவநேசன் முற்றத்தில் கதிரை போட்டு ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். மடியில் சிவப்புப் பேனை.

“என்ன வசந்தி, சொல்லாமல் கொள்ளாமல்? இரும், தேத்தண்ணி வைக்கிறன்.”

“வேண்டாம். ஒண்டு கேக்க வேணும். மலர் எங்கடை கிண்ணங்களை எதாலை கழுவினவ?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவவைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்குப் போதும்.

“அதைக் கேக்கிறீரோ? வாரும் காட்டுறன்.”

சாமி அறைக்குள் போய் ஒரு பழைய பால்மாத் தகரத்தை எடுத்து வந்தார். மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். உள்ளே முகத்துக்குப் போடும் பவுடரைப்போல மெல்லிய சிவப்புத் தூள்.

“எங்கடை பழைய வீட்டு ஓடு. உந்தக் குவியலுக்கை கிடந்த உடைஞ்ச துண்டெல்லாம் பொறுக்கி, உரலிலை போட்டு இடிச்சு, தன்ரை சீலையிலை அரிச்சு வைச்சவ. குத்துவிளக்கு மினுக்கிறது இதாலைதான். இதையும் பழப்புளியையும் போட்டுத் தேய்ச்சால் பொன் மாதிரி வரும். கிண்ணத்தையும் அப்பிடித்தான். ‘உங்கடை படிப்புக்குச் சவர்க்காரம் காணாதப்பா, நான் மினுக்கித் தாறன்’ எண்டு, ஒவ்வொரு முறையும் இதாலை தேய்ச்சு, மூண்டு தண்ணி விட்டு...”

அவர் நிறுத்தினார்.

முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்த மனுசன். சுட்ட மண்ணுக்குள் இரும்பு இருக்கும் என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. தேய்த்த கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், கீறலுக்குள் தூள் தங்கும், மூன்று தண்ணீர் விட்டாலும் போகாது. அவர் தகரத்தைப் பார்த்தார். என் கைப்பையைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு ஒலிபெருக்கிக் காந்தம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்கு வைத்திருப்பது. ஆய்வேட்டின் ஒரு தாளைக் கிழித்து அதன்மேல் கொஞ்சம் தூளைக் கொட்டினார். காந்தத்தைத் தாளுக்குக் கீழே பிடித்து அசைத்தார். தூளில் பாதி அப்படியே கிடந்தது. மற்றப் பாதி காந்தம் போன பக்கமெல்லாம் பின்னால் போனது.

ஒரு தடவை செய்தார். இன்னொரு தடவை செய்தார். மூன்றாம் தடவை நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“எரிச்சுப் பாத்தனீரோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“என்ன மிஞ்சினது?”

சிமிழை எடுத்துக் கொடுத்தேன். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். இராசமலர் கிண்ணத்தைப் பிடித்துக் காட்டியதும் அதே இடத்தில்தான்.

“இவ்வளவுதானோ?”

“இவ்வளவு போதும், சிவநேசன்.”

கதிரையில் போய் இருந்தார். ஆய்வேடு கீழே விழுந்து தாள்கள் மண்ணில் பரவின. நான் பொறுக்கப் போனேன். “விடும், அது இனி என்னத்துக்கு?” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மேற்பார்வையாளர் நான், சந்தேகப்பட வேண்டியவள் நான், ஒரு வெறுங் கிண்ணத்தை அளக்காமல் விட்டவள் நான். அதைச் சொன்னேன். “உம்மிலை பிழை இல்லை, எல்லாம் என்ரை பிழை” என்று அழுதேன். அவர் அழவில்லை.

வெட்டிய பெயர்

கட்டுரையை மீளப்பெற வேண்டும். அதில் இருவருக்கும் இரண்டாம் எண்ணம் இல்லை. ஏன் மீளப்பெறுகிறோம் என்று சஞ்சிகைக்குக் காரணம் எழுத வேண்டும். நான் வரும் வழியிலேயே ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன்.

“ஆய்வுகூடத்திலை வந்த ஊத்தை எண்டு எழுதுவம். குறடு, அலுமாரி, ஏதோ ஒண்டு. என்ரை பேரிலை போகட்டும். ஒருத்தரும் தேடி வரப் போறேல்லை.”

“மலரின்ரை பேர்?”

“வராது. அதுக்குத்தான் சொல்லுறன்.”

அவர் கிணற்றடியைப் பார்த்தார்.

“இல்லை வசந்தி. ஆஸ்பத்திரியிலை ரத்தம் மாத்திப்போட்டு வந்து, நிக்க ஏலாமல், அதிலை குந்தியிருந்து கழுவினவ. ஆய்வுகூடத்து ஊத்தை எண்டு நீர் எழுதினால், அவ கழுவினதே நடக்கேல்லை எண்டு ஆயிடும். பிழையாக் கழுவினாலும் கழுவினவ. நடந்ததை எழுதும்.”

“சனம் கதைக்கும், சிவநேசன். கல்வெட்டிலையும் போட்டிருக்கு.”

“கதைக்கட்டும். நான் சொல்லுறன், நீர் எழுதும்.”

அவர் சொல்லச் சொல்ல, மண்ணில் கிடந்த ஆய்வேட்டுத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். இரண்டே வசனம். அவற்றை ஆங்கிலமாக்கி அன்றிரவே அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் அறிவித்தல் வெளிவந்தது. இணையத்தில் எங்கள் கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காகச் சிவப்பில் ‘மீளப்பெறப்பட்டது’ என்று அடித்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் அந்தச் சிவப்பு எழுத்துகள் இராசமலரின் பெயருக்கு மேலாகப் போயிருந்தன. அறிவித்தலில் சிவநேசன் சொன்ன வசனங்கள் இல்லை. கழுவும்போது கலந்த இரும்பு ஒட்சைட்டே காரணம் என்று மட்டும் இருந்தது. தனிப்பட்ட பெயர்களும் விபரங்களும் அவசியமில்லை என்று கருதி நீக்கியதாகச் சஞ்சிகையின் ஆசிரியர் எழுதியிருந்தார். அவர் செய்ததில் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு அது இரும்பு ஒட்சைட்டுத்தான்.

சிவநேசனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“பேரை எடுத்துப்போட்டாங்களோ?”

“ஓம்.”

“வீட்டையும்?”

“வீட்டையும்.”

“சரி, வையும்” என்றார்.

பல்கலைக்கழகத்தில் மேலும் ஒரு வருடம் கேட்டு விண்ணப்பித்தேன். ஏற்கெனவே சொன்னதுதான், நீட்டிக்க இடமில்லை. அவர் அறுபதாவது வயதில் நெல்லியடிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றார். கலாநிதி சிவநேசன் ஆகவில்லை. கிண்ணங்களை ஒரு பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார், சிமிழை அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ‘ஓட்டுத்தூள் பேராசிரியர்’ என்று ஒரு பட்டம் ஓடுகிறது. நான் செய்ததற்கு அது போதாது.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். சாமி அறையில் இராசமலரின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு கறுத்து, பச்சை பூத்துப்போய் இருந்தது. பக்கத்தில் அந்தப் பால்மாத் தகரம். அதற்கு மேலே சிமிழ்.

“உதை மினுக்கலாமெல்லோ?” என்றேன்.

“மினுக்கலாம். தூள் முடிஞ்சுபோமெல்லோ.”

இந்த வாரம் என்ன எழுதப்போகிறேன் என்று கேட்டார். அவர் இந்த இதழைத் தவறாமல் வாங்குகிறவர். சொன்னேன். “அண்டைக்கு எழுதினதையும் அப்பிடியே போடும்” என்றார். இந்த இதழின் ஆசிரியரும் ஒரு சொல்லையும் வெட்டுவதில்லை என்று எனக்கு வாக்குத் தந்திருக்கிறார். அன்று மண் படிந்த தாளின் பின்பக்கத்தில் நான் எழுதியது இதுதான்:

கிண்ணங்களை முதலாம் ஆசிரியரின் மனைவி, காலஞ்சென்ற இராசமலர் சிவநேசன், கீரிமலையிலுள்ள தமது வளவின் கிணற்றடியில், யுத்தத்தில் இடிந்த அவர்களுடைய வீட்டின் ஓடுகளை இடித்து அரித்த தூளால், ஒவ்வொரு தடவையும் தம் கையாலேயே கழுவினார். நாம் அளந்தது அதைத்தான்.